மேகத்தீவு ராஜா தண்ணீருக்குப் போனார்

மேகத்தீவின் சக்கரவர்த்தி இளவாகையன் பிறந்தது மயிலாப்பூரில், எங்கள் எதிர் ஃப்ளாட்டில், சாப்பாட்டு மேஜையில். அவரை உண்டாக்கியவர் சுப்பராமன் சார், வங்கி அதிகாரி. ஆனால் பத்திரிகையில் அந்தத் தொடர்கதைக்குக் கீழே வாராவாரம் வந்த பெயர் அவருடைய மனைவி கோமளம் மாமியுடையது.

மாமி பெயரைக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. சார் எடுத்துக்கொண்டார். வங்கியில் இருப்பவர் கதை எழுத மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால், "ஓய், ஆபீஸ் நேரத்திலா எழுதுகிறீர்?" என்று பார்ப்பார்கள். அவர் ஆபீஸ் நேரத்தில்தான் எழுதினார் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆகவே 'கோமளம்'. அந்தக் காலத்தில் இதில் ஒரு அதிசயமும் இல்லை. பத்திரிகையைப் புரட்டினால் வருகிற கமலாக்களிலும் சரோஜாக்களிலும் பாதிப் பேருக்கு மீசை இருக்கும். அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரைப் பார்த்தும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எங்கள் விஷயத்தில் மாமியைத் தவிர உண்மை தெரிந்தவர்கள் என் கணவர் பிலிப்பும் நானும் மட்டும்தான். மயிலாப்பூருக்கு எழுத்தாளர் மாமிதான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து சாந்தோமிலிருந்து வந்து சேர்வதற்குள் சார் எங்கள் வாசலில் காகிதங்களோடு நிற்பார். பிலிப் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் சமையலறையிலிருந்து மீனைக் கழுவிக்கொண்டே கேட்பேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள். தப்பு இருந்தால் அங்கிருந்தே குரல் கொடுப்பேன். "டீச்சர் காது கோர்ட்டு மாதிரி" என்பார் சார். அப்படியும் என்னைக் கேட்காமல் எதையும் அனுப்ப மாட்டார். மனைவியைத்தான் கேட்டதில்லை.

இளவாகையன் சாமானியப்பட்ட ராஜா இல்லை. மேகங்களுக்கு மேலே மிதக்கிற தீவில், இரண்டு நிலவுகளும் ஒன்றையொன்று மறைத்த இரவில் பிறந்தார். பிறந்தவுடன் அழவில்லை, அரண்மனை வைத்தியரைப் பார்த்து முறைத்தார். பால் குடி மறக்கும் முன்பே பறக்கும் குதிரையை அடக்கினார். அந்தக் குதிரை எள்ளுருண்டை தவிர வேறு எதையும் தின்னாது. மீசை அரும்புகிற வயதில் பட்டம் கட்டிக்கொண்டார். நெருப்புப் பல்லி அரசனை வென்றார். ஊரைத் தொந்தரவு செய்த வாடைக் காற்றைப் பிடித்து அரண்மனைத் தூணில் கட்டிப் போட்டார். அமாவாசையன்று பொய் சொன்னவன் நாக்கில் அல்லிப்பூ முளைக்கும் என்று சட்டம் போட்டார். அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை, சாப்பிட்டும் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக இப்படி அமோகமாக ஆண்டுகொண்டிருந்தார். ஓவியர் அவருக்குப் போட்ட மார்பு நம் வீட்டு வாசல்நிலையில் நுழையாது.

மாமி இந்தத் தொடரை ஆரம்பத்தில் கொஞ்ச நாள் படித்தார். வாடைக் காற்றைத் தூணில் கட்டிய வாரம், "அப்போ அந்த ஊர்ல தோய்ச்ச துணி எப்படின்னா காயும்?" என்று கேட்டார். சாருக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் மாமி, "மேகத்துக்கு மேல ஊர்னா மழை கீழதானே பெய்யும்? அவாளுக்குக் குடிக்கத் தண்ணி ஏது?" என்றார். "மாயாஜாலக் கதைல அதெல்லாம் கேக்கப்படாது" என்று சார் முடித்துவிட்டார். மாமியும் படிப்பதை முடித்துக்கொண்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை. மயிலாப்பூரே குடமும் கையுமாக அலைந்தது. எங்கள் ஃப்ளாட்ஸ் கிணற்றில் எட்டிப் பார்த்தால் நம் முகம் கூடத் தெரியாது, அடியில் கிடக்கிற செருப்புதான் தெரியும். கை பம்பில் வருவது காபி நிறத்தில் இருக்கும். லாரித் தண்ணீர்தான் கதி. அது எப்போது வரும் என்று கடவுளுக்கும் டிரைவருக்கும் மட்டுமே தெரியும். வந்தால் தெருமுனையில் நிற்கும். பச்சை, சிவப்பு, நீல பிளாஸ்டிக் குடங்கள் விடியும் முன்பே நமக்குப் பதிலாக வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, குடம் இருந்தால் இடம் இருக்கிறது என்று அர்த்தம். மாமியின் குடங்களுக்குக் கழுத்தில் மஞ்சள் பெயின்ட் கோடு. ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்து இரண்டு மாடி ஏற்றுவார். அந்த நேரத்தில் சார் மேஜையில் இளவாகையனுக்கு எட்டாவது போர் ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ராஜா ராணியைத் துரத்தினார்.

ராணி தேரோட்டியிடம் ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று கதையில் இல்லை. மந்திரி ராஜாவின் காதில் ஓதினார். ராஜா விசாரிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ராணியை ஒரு கயிற்றில் கட்டி மேகத்துக்குக் கீழே, மனிதர்கள் இருக்கிற உலகத்தில் இறக்கிவிட்டு, கயிற்றை அறுத்துவிட்டார். சார் இதை எங்கள் வீட்டில் படித்தபோது பிலிப் கண்ணைத் திறந்து, "பிரமாதம்!" என்றார். நான் மீனை விட்டுவிட்டு வெளியே வந்தேன். "அந்தப் பொம்பளை என்ன சார் தப்பு பண்ணினா?" என்றேன். "தப்பே பண்ணலை டீச்சர். அதுதானே சோகம்" என்றார் சார், முகமெல்லாம் மலர்ந்து. எனக்கு வந்த கோபத்தில் அன்று குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. வெள்ளிக்கிழமை கோமளம் மாமி தெற்கு மாட வீதிக்குக் கீரை வாங்கப் போனார். கீரைக்காரம்மா கட்டை எடுத்துக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏன்மா, நீயும் ஒரு பொம்பளதான? அந்த ராணிய அப்டி அறுத்து வுட்டியே, மன்சு இன்னா கல்லா?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, மகள் படித்துச் சொல்வாளாம். கோயில் பிராகாரத்தில் பாட்டு மாமி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மாவு மில்லில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவர் ராணியைப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "டீச்சர், இந்த வாரத்துப் புஸ்தகம் இருக்கா?" என்று வாங்கி, கீரைப் பையைக் கூடக் கீழே வைக்காமல் படித்தார். படத்தில் ராணி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில் 'கோமளம்' என்று போட்டிருந்தது. மாமி விரலை அந்தப் பெயரின் மேல் வைத்தார்.

"இது என் பேர், டீச்சர். எங்கப்பா வச்சது."

பத்திரிகையை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, கீரைப் பையோடு போனார்.  

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. காற்றுக்காக இரண்டு வீட்டு வாசல் கதவும் திறந்திருந்தன. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், காது இருந்தது, கேட்டது.

"அந்த ராணியை அடுத்த வாரம் திருப்பிக் கூப்பிட்டுக்கோங்கோ" என்றார் மாமி.

"அது எப்படி கோமு முடியும்? அவ போனாத்தான் ராஜாவுக்கு வைராக்கியம் வரும். அப்புறம் எட்டாவது போர் இருக்கு. கதைக்குன்னு ஒரு தர்மம் இருக்கோல்லியோ?"

"கதைக்கு தர்மம் இருக்கட்டும். கீரைக்காரி என்னைக் கேக்கறா. மாவு மில்லுல என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தறா. நான் எழுதலைன்னு சொல்லிடட்டுமா?"

சார் பதறிவிட்டார். "ஐயோ, அந்த விசாலாக்ஷி இதே தெருவுலன்னா இருக்கா! அவ காதுல விழுந்தா அன்னிக்கே மேனேஜருக்குத் தெரிஞ்சுடும். எனக்கு மெமோதான்."

விசாலாக்ஷி அவருடைய மேனேஜரின் மனைவி. எங்கள் தெருவின் கடைசி வீடு. அந்தம்மாள் வாயில் ஒரு சேதி விழுந்தால் அது அடையாறு வரை போய்த்தான் மூச்சு விடும்.

 மாமியின் குரல் நிதானமாக வந்தது. "சரி. நீங்க ராணியைக் கூப்பிட வேண்டாம். நான் சொல்லவும் மாட்டேன். ஆனா ராணி இல்லாத ஊர்ல ராஜாதான் தண்ணி கொண்டு வரணும். நாளையிலேர்ந்து லாரிக்கு நான் போகப்போறதில்லை."

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பு மறுநாள் சனிக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது. மாமி சமையலுக்கு மட்டும் எங்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக்கொண்டார். சார் குளிக்க வாளியோடு வந்தபோது பிலிப் தாராளமாக எங்கள் டிரம்மின் மூடியைத் திறந்தார். நான் அதே வேகத்தில் மூடினேன். "எல்லாம் கதைக்கு நல்லது சார். சோகம் வேணும்னீங்களே" என்றேன். திங்கட்கிழமை வங்கிக்கு அவர் ஷேவ் செய்யாமல், நெற்றியில் விபூதி மட்டும் பளிச்சென்று இருக்க, கிளம்பினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாளியை நான் நிரப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. சார் மாடியிலிருந்து இறங்கினார், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கையில் குடம் இல்லை. மாமியின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவை, இரண்டு பக்கமும் வளையம் போட்டதை, உருட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு தடவை ஏறி இறங்குவானேன், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரிதான். வங்கிக்காரர் கணக்கு.

வரிசையில் எனக்கு முன்னால் நஸ்ருன்னிசா. பின்பக்கச் சந்தில் தையல் மிஷின் வைத்திருப்பவள். அவள் அண்டாவைப் பார்த்து, "இன்னா சார், கல்யாணம் ஏதுனா கீதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சார் கம்பீரமாக நின்றார். அவருடைய முறை வந்தபோது குழாயை அண்டாவுக்குள் விட்டார்கள். அது நிரம்பிக்கொண்டே இருந்தது. பின்னால் இருந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "ஒரு வூட்டுக்கு நாலு கொடம்தான் கணக்கு! லாரியவே வூட்டுக்கு இட்டுக்கினு போறியா?" ஒரு வழியாகத் தளும்பத் தளும்ப நிறைந்தது. சார் இரண்டு வளையத்தையும் பிடித்தார். மூச்சைப் பிடித்தார். அண்டா அசையவில்லை. கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிட்டால் தூக்கலாம். ஆனால் அந்தக் கோடையில் நடுத்தெருவில் தண்ணீரைக் கொட்டுகிற தைரியம் எந்தச் சக்கரவர்த்திக்கும் கிடையாது.

அப்போதுதான் கோமளம் மாமி காய்கறிப் பையோடு தெருமுனையில் திரும்பினார். கூட்டத்தையும் கணவரையும் பார்த்துவிட்டு நின்றார். விசாலாக்ஷியும் அங்கேதான் இருந்தாள். தண்ணீர் பிடிக்க அவள் வீட்டில் வேலைக்காரி உண்டு, மேற்பார்வை பார்க்க வந்திருந்தாள். மாமியைக் கண்டதும் அவளுக்கு நாக்கு அரித்தது.

"வாங்கோ எழுத்தாளரே" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்க கதையைப் பத்தித்தான் ஊரே பேசறது. ஆனா ஒண்ணு, அந்தத் தேரோட்டி விஷயமெல்லாம் ரொம்பத் தத்ரூபமா எழுதியிருக்கேள். அனுபவம் இல்லாம அப்படி எழுத வராதுன்னு எங்காத்துக்காரர்கிட்ட சொல்லிண்டிருந்தேன்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நஸ்ருன்னிசா கூட குடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கோமளம் மாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பது வருஷம் குடித்தனம் செய்த பெண்ணைப் பார்த்து, நடுத்தெருவில், பத்துப் பேர் முன்னால் சொல்கிற பேச்சா அது? எனக்கு அந்த விசாலாக்ஷியின் தலையில் என் குடத்தைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் வீணாகிவிடும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன். அதற்குள் சார் முந்திக்கொண்டார்.

அண்டாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"அந்தக் கதையை எழுதினது நான்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இவ ஒரு எழுத்து எழுதினதில்லை. இவ பேரை நான் போட்டுண்டேன். தேரோட்டியையும் நான்தான் எழுதினேன், கயித்தை அறுத்ததும் நான்தான். இவளை ஒரு வார்த்தை சொல்லாதேங்கோ. மேனேஜர்கிட்ட தாராளமாச் சொல்லிக்கோங்கோ."

எனக்கு மெய் சிலிர்த்தது. இரண்டு வருஷத்தில் இளவாகையன் செய்யாத வீரத்தை இந்த மனிதர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்துவிட்டார் என்று நினைத்தேன். மெமோ வரும், பதவி உயர்வு போகும். போகட்டும் என்று சொல்லிவிட்டாரே!

 நஸ்ருன்னிசாதான் முதலில் சிரித்தாள்.

"சார், பொஞ்சாதி மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்குன்னு இப்டியா? ஒரு கொடம் எடுத்தாரத் தெரியல, அண்டாவ உருட்டிக்கினு வந்து நிக்கிற. நீ எங்க நைனா ராஜா கதை எய்தறது?"

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. "மாமிய வுட்டுக் குடுக்காத மனுஷன்யா!" என்றார் லாரி டிரைவர். விசாலாக்ஷிக்குக் கூடச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வேஷம்? எங்காத்துக்காரர் சொல்வார், நீங்க ஒரு சர்க்குலரை எழுதினாலே அஞ்சு பேர் தூங்கிப் போயிடுவான்னு" என்றாள்.  "நிஜமாத்தான்!" என்றார் சார். அது இன்னும் பெரிய சிரிப்பாகிவிட்டது.

அவர் மாமியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமி 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீரைக்காரியிலிருந்து பாட்டு மாமி வரை இனி ஒருவரும் வாய் திறக்க முடியாது. எனக்கு அவர் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. மாமி அண்டாவைப் பார்த்தார், வியர்த்து நிற்கிற கணவரைப் பார்த்தார், விசாலாக்ஷியையும் ஒரு தடவை பார்த்தார். காய்கறிப் பையை என் கையில் கொடுத்தார்.

"அவரா? அவர் கதை எழுதினா ராஜா வாராவாரம் லெட்ஜர்தான் பார்ப்பார்" என்றார். கூட்டம் ரசித்தது. மாமி சிரிக்கவில்லை. "எழுதினது நான்தான். அந்த ராணியை அப்படி அனுப்பினது அநியாயம். எனக்கே மனசு ஆறலை. அடுத்த வாரம் ராஜா கீழே எறங்கறார்."

"குதிரை மேலயா?" என்றாள் நஸ்ருன்னிசா, கண் விரிய.

"குதிரை கிடையாது. கயித்தைப் பிடிச்சுண்டு. கை தோல் உரியட்டும். படையெல்லாம் மேலயே இருக்கட்டும். எறங்கி வந்து, அவளைத் தேடிக் கண்டுபிடிச்சு, மன்னிப்புக் கேக்கறார்."

"ராணி மன்னிச்சுடுமா?"

"அது அவ இஷ்டம்" என்றார் மாமி. குனிந்து அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்தார். "அந்தப் பக்கம் பிடிங்கோ."

இருவருமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் என் குடத்தோடும் அவர்கள் கத்தரிக்காயோடும் பின்னால் போனேன். முதல் மாடித் திருப்பத்தில் சார் அண்டாவை இறக்கினார். மூச்சு வாங்குவதற்கு என்று நினைத்தேன். அதற்கில்லை.

"உன்னை ஒரு வார்த்தை கேக்காம உன் பேரை எடுத்துண்டுட்டேன் கோமு" என்றார். "கேக்கணும்னே எனக்குத் தோணலை. மன்னிச்சுடு."

மாமி புடவைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அதே தலைப்பால் அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டார். நான் ஒரு படி கீழேயே நின்று, சுவரில் இருந்த மின்சார மீட்டரை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எதிர் ஃப்ளாட்டிலிருந்து அவர் படிக்கிற குரல் கேட்டது. நடுநடுவே நின்றது. "அடியேன்னெல்லாம் எந்த ராஜா பேசுவான்? அடிச்சுடுங்கோ" என்று மாமி சொல்வது கேட்டது. பிலிப்புக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காதைத் தீட்டிக்கொண்டு வாசலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

பத்திரிகை வந்தது. இளவாகையன் தோலுரிந்த கைகளோடு, மகுடம் இல்லாமல், ஒரு கிணற்றடியில் ராணியின் முன் நின்றார். "தேவி, உன்னை ஒரு வார்த்தை கேளாமல் உன் வாழ்வை என் கையில் எடுத்துக்கொண்டேன். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை" என்றார். அவ்வளவுதான். போர் இல்லை, பல்லி இல்லை. ராணி அவர் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து முன்னால் நடந்தாள். பிலிப் படித்துவிட்டு, "எப்படித்தான் தோணுதோ இந்த மனுஷனுக்கு!" என்றார். நான் மீட்டர் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நான் மாமியின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது விசாலாக்ஷி வந்தாள். கையில் பத்திரிகை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வந்த வேகத்தில் மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நாக்குல சனி. மனசுல வச்சுக்காதேங்கோ. இதைப் படிச்சுட்டு எங்காத்துக்காரர் கையில குடுத்து, படிங்கோ, ஒரு தடவையாவது படிங்கோன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒரு பொம்மனாட்டி மனசு ஒரு பொம்மனாட்டிக்குத்தான் தெரியும் மாமி. எந்த ஆம்பளையாலயும் இப்படி எழுத முடியாது."

மாமி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சிரித்திருப்பேன். சமையலறைப் பக்கம் திரும்பி, நிதானமாகக் குரல் கொடுத்தார்.

"ஏன்னா, கேட்டேளா?"

உள்ளே எங்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்த சார் இன்னொரு டம்ளரை எடுத்து வைக்கிற சத்தத்தோடு பதில் சொன்னார்.

"கேட்டுது."